பையன் ஸ்கூல் ரெஸ்லிங்கில் சேர்கிறானா? எடையையும் தோலையும் நீங்கள் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அமெரிக்காவின் ஒஹையோவுக்குக் குடிவந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளி ரெஸ்லிங் அணிக்குப் பேர் கொடுத்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துக் கேட்டு நிற்கிறான். வீட்டில் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். எலும்பு முறிந்தால் என்ன செய்வது, ஒல்லிப் பையன் தாங்குவானா, படிப்பு கெடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறோம். என் மூத்தவன் ஹைஸ்கூல் முழுக்க ரெஸ்லிங் செய்தான், சின்னவள் இப்போது பெண்கள் அணியில் இருக்கிறாள். என்னைக் கேட்டால் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மேட்டில், அதாவது ஆட்டம் நடக்கும் மெத்தை விரிப்பில், நடப்பதைப் பார்த்துக்கொள்ள கோச்சும் நடுவரும் இருக்கிறார்கள். பையன் என்ன சாப்பிடுகிறான், அவன் தோல் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

முதலில் அம்மாவின் பயத்துக்கு வருவோம். டிவியில் நாற்காலியால் அடித்துக்கொள்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே பள்ளிகளில் நடப்பது ஃபோக்ஸ்டைல் என்ற வகை. எதிராளியைக் கீழே கொண்டுவந்து, நம் பிடியிலேயே வைத்திருப்பதுதான் ஆட்டம். ஹைஸ்கூலில் இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று. கீழே கொண்டுவந்து பிடிக்குள் வைத்தால், அதாவது டேக்டவுன் செய்தால், 2024-25 சீசனிலிருந்து 3 புள்ளி. இரண்டு தோள்பட்டையையும் மேட்டில் 2 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டால் அதற்கு 'பின்' (pin) என்று பேர், ஆட்டம் அங்கேயே முடிந்தது. குத்துவது, தூக்கி அடிப்பது, கழுத்தை நெரிப்பது, விரலை முறுக்குவது எல்லாம் தடை. மூட்டு தவறான பக்கம் திரும்புகிறது என்று தோன்றினாலே நடுவர் விசில் ஊதி நிறுத்திவிடுவார்.

ஒல்லியாக இருப்பது குறையே இல்லை. பையன்களுக்கு ஏறக்குறைய 106 பவுண்டில் தொடங்கி 285 வரை எடைப் பிரிவுகள் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். அந்தந்த எடைக்காரனோடுதான் மோத வேண்டும். மிகக் குறைந்த எடைப் பிரிவுக்குப் பல பள்ளிகளில் ஆளே கிடைப்பதில்லை. ஆள் இல்லாத பிரிவில் எதிரணிக்குச் சும்மாவே 6 புள்ளி போய்விடும் என்பதால், 105 பவுண்டுப் பையன் வந்தால் கோச்சுக்குச் சந்தோஷம்தான். கூடைப்பந்து, ஃபுட்பால் அணிகளில் உயரமும் உடம்பும் பார்த்து வெளியே நிறுத்தப்படும் நம் பிள்ளைகளுக்கு இங்கே இடம் கிடைக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் பேர் கொடுத்தவர்களைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில், இடம் கிடைக்காவிட்டால் ஜேவி என்ற இரண்டாம் அணி ஆட்டங்கள் இருக்கின்றன.

இனி எடை. கீழ்ப் பிரிவில் ஆடுவதற்காகப் பையன்கள் எடையைக் குறைக்கப் பார்ப்பார்கள், நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம் இது. 1997 நவம்பர், டிசம்பரில் சுமார் ஒரு மாத இடைவெளியில் மூன்று கல்லூரி ரெஸ்லர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். ரப்பர் உடை போட்டுக்கொண்டு, சூடான அறையில் உடற்பயிற்சி செய்து, உடம்பில் உள்ள நீரை வற்றவைத்ததுதான் காரணம். அதன் பிறகுதான் கல்லூரி விதிகள் இறுகின. 2006-07 முதல் ஹைஸ்கூல்களுக்கும் எடைக் கட்டுப்பாட்டுத் திட்டம் கட்டாயமானது.

அதன்படி சீசன் தொடக்கத்தில் பையனுக்கு ஒரு சோதனை நடக்கும். முதலில் சிறுநீரைப் பார்த்து உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் எடையும் கொழுப்பும் அளப்பார்கள். பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கொழுப்புக்குக் கீழே போகாதபடி கணக்குப் போட்டு, இந்த சீசனில் இவன் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடை இது என்று எழுதிக் கொடுப்பார்கள். அதுவரை இறங்குவதானாலும் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் கூடாது. 120 பவுண்டுப் பையனுக்கு அது இரண்டு பவுண்டுகூட வராது. ரப்பர், பிளாஸ்டிக் உடை, நீராவி அறை, நீர் பிரியும் மாத்திரை எல்லாமே விதிப்படி தடை. அந்தச் சோதனைத் தாளை வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

விதி இருக்கிறது, சரி. ஆனால் பேச்சு வேறு மாதிரி வரும். என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஓர் உதவி கோச் அவனிடம், "இரண்டு பிரிவு கீழே வந்தால் வார்சிட்டி இடம் உனக்குத்தான்" என்றார். அன்று இரவு பையன் சாப்பாட்டு மேஜையில் சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். காலையில் பார்த்தால், உடம்பின் நீரைக் குறைத்து எடையை இறக்க, காலி தண்ணீர் பாட்டில் ஒன்றில் எச்சில் துப்பி வைத்திருக்கிறான். நான் நேரே தலைமை கோச்சைப் பார்க்கப் போனேன். சோதனைத் தாளை மேஜைமேல் வைத்து, இவன் வளர்கிற பையன், இந்த வருடம் ஒரு பவுண்டும் குறைக்கமாட்டான் என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதனால் அவன் அந்த வருடம் முழுக்க ஜேவியில்தான் ஆடினான். அடுத்த வருடம் இரண்டு பிரிவு மேலே போய் வார்சிட்டிக்கு வந்தான். பெற்றோர் இப்படிப் பேசுவதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக வந்தவர்கள், கோச் சொன்னால் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று தயங்குகிறோம். பிள்ளையின் உடம்பு விஷயத்தில் அந்தத் தயக்கம் வேண்டாம்.

எதைக் கவனிக்க வேண்டும்? தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வீட்டுக்குள்ளேயே கனமான ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடுவது, சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போவது, ஒரு நாளில் பல தடவை எடை பார்ப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேசுங்கள். உங்கள் வீட்டில் சைவச் சாப்பாடு என்று எழுதியிருந்தீர்கள். சைவம் சாப்பிட்டுக்கொண்டே தாராளமாக ரெஸ்லிங் செய்யலாம். சோற்றின் அளவைக் குறைக்க வேண்டாம். கூடவே பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர், முடிந்தால் முட்டை என்று சேருங்கள். பயிற்சி முடிந்து வந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

அடுத்து தோல். உடம்போடு உடம்பு உரசும் விளையாட்டு, மேட் எல்லோருக்கும் பொது. படர்தாமரை, கொப்புளம், சீழ்க்கட்டி, ஹெர்பீஸ் எல்லாம் ஓர் அணிக்குள் சீக்கிரம் பரவும். போட்டிக்கு முன்னால் பையன்களை வரிசையாக நிறுத்தி, நடுவரோ மருத்துவப் பொறுப்பாளரோ முகம், கழுத்து, முதுகு, கை என்று பார்ப்பார். நகம் வெட்டியிருக்கிறதா என்று விரல்களையும் நீட்டச் சொல்வார். சந்தேகமான ஒரு வட்டம் இருந்து, டாக்டர் கையெழுத்திட்ட படிவம் கையில் இல்லையென்றால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. உடம்பில் படர்தாமரை என்றால் குறைந்தது 72 மணி நேரம் மருந்து போட்டிருக்க வேண்டும், தலையில் என்றால் 14 நாள். ஹெர்பீஸ் முதல் தடவை வந்தால் 10 நாளாவது மேட் பக்கமே போக முடியாது.

ஆகவே பயிற்சி முடிந்ததும் பள்ளியிலேயே குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாதென்றால் வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு எதையும் தொடாமல் நேரே குளியலறை. துணியை அன்றன்றே துவைக்க வேண்டும். துண்டு, ஷேவிங் ரேசர் யாரோடும் பகிரக்கூடாது. மேட் ஷூவைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கக்கூடாது. வாரத்தில் இரண்டு தடவையாவது கழுத்தின் பின்புறமும் காதோரமும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு மட்டும் சிவந்து செதிலாகவும், நடு கொஞ்சம் தெளிந்தும் ஒரு வட்டம் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக, எரிச்சலோடு வந்தால் ஹெர்பீஸாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போங்கள். கண் பக்கம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. இந்தியாவிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரைமேல் அதைத் தடவினால் அரிப்பும் சிவப்பும் அடங்கி, குணமானது போலத் தெரியும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்துக்கு அது மாறிவிடும். டாக்டர் பார்க்கும் வரை எதையும் தடவாதீர்கள்.

காயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வராது என்று சொல்லமாட்டேன். தோள், முழங்கால், விரல் சுளுக்கு அடிக்கடி வரும், எலும்பு முறிவும் சில சமயம் வரும். ஹைஸ்கூலில் காதை மூடும் ஹெட்கியர் கட்டாயம், பயிற்சியிலும் போடச் சொல்லுங்கள். காது மடல் வீங்கிப் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. சீக்கிரம் டாக்டரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும், விட்டுவிட்டால் அப்படியே தடித்துப்போகும். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால் வாய்க்காப்பும் வேண்டும்.

தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மருத்துவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் திரும்பச் சேர்க்க முடியாது. 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. பையன்கள் தலைவலியை மறைப்பார்கள். உங்களிடமாவது மறைக்காமல் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆத்லெட்டிக் ட்ரெயினர் என்று பல பள்ளிகளில் ஒருவர் இருப்பார். அவர் கோச் இல்லை, காயங்களைப் பார்க்கவே பயிற்சி பெற்றவர். முதல் வாரத்திலேயே அவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

செலவைப் பள்ளி ஏற்கும் என்று நினைக்காதீர்கள். முதலில் வருவது நம் இன்சூரன்ஸ்தான். உங்கள் பாலிசியில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, அர்ஜென்ட் கேருக்கும் (சின்னக் காயங்களுக்கு உடனே போகும் கிளினிக்) எமர்ஜென்சிக்கும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சீசனுக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி பில் எப்போதும் பெரிதாகத்தான் வரும். சாதாரணச் சுளுக்குக்கு அர்ஜென்ட் கேர் போதும்.

படிப்பு கெடும் என்ற பயம் வேண்டாம். மதிப்பெண் குறைந்தால் அணியில் ஆட விடமாட்டார்கள் என்பதாலேயே பல பையன்கள் ஒழுங்காகப் படிக்கிறார்கள். நேரம்தான் போகும். நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரை தினமும் பயிற்சி, சனிக்கிழமை டோர்னமென்ட். விடியுமுன் கிளம்பி நாள் முழுக்க ஜிம்மில் உட்கார்ந்து, பையன் மேட்டில் இருக்கும் சில நிமிடங்களைப் பார்க்க வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

கடுக்கன், மோதிரம், கையில் கட்டிய கயிறு எதுவும் போட்டிக்கு ஆகாது. பூணூலோ அரைஞாணோ இருந்தால், என்ன செய்யலாம் என்று கோச்சிடம் முன்பே கேளுங்கள், கடைசி நிமிடத்தில் மேட் ஓரத்தில் தகராறு வேண்டாம். சிங்லெட் என்ற ஒரே துண்டு ரெஸ்லிங் உடை உடம்பை ஒட்டி இருப்பது கூச்சமாக இருந்தால், மேல்சட்டையும் ஷார்ட்ஸுமாக இரண்டு துண்டு உடைக்கும் விதியில் இடம் உண்டு. என் மகள் அதைத்தான் போடுகிறாள்.

முதல் சீசனில் பெரும்பாலும் தோற்பான். எட்டு வயதிலிருந்தே கிளப்பில் ஆடும் பையன்கள் எதிரே வருவார்கள், முதல் நிமிடத்திலேயே 'பின்' ஆவதும் நடக்கும். கூட விளையாட யாருமில்லாமல் ஒற்றையாளாகத் தோற்பது பதினாலு வயதுக்குக் கனமான விஷயம். மேட்டை விட்டு இறங்கியதும் சில பையன்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது ஓடிப்போய்ப் பேசாதீர்கள், கோச் பார்த்துக்கொள்வார். காரில் வரும்போதும் ஆட்டத்தை அலசாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும். அவனாகப் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீசன் தொடங்குமுன் பெற்றோர் கூட்டம் ஒன்று வைப்பார்கள், இருவருமே போங்கள். எடைச் சோதனை எந்தத் தேதி, மேட்டை எத்தனை தடவை கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள், எல்லாப் போட்டிக்கும் ட்ரெயினர் வருவாரா, பையனிடம் எடை குறைக்கச் சொல்வதானால் முதலில் உங்களிடம் சொல்வார்களா என்ற நான்கையும் அங்கேயே கேட்டு விடுங்கள். உடற்தகுதிப் படிவத்துக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், அதை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.