அமெரிக்காவில் ஆக்ஸிகோடோன் (போதை தரக்கூடிய வலிநிவாரணி) மாத்திரை கடத்தினால் எத்தனை ஆண்டு சிறை?

ஹெராயினுக்கு இருப்பதுபோல, இத்தனை கிராமுக்குக் குறைந்தது இத்தனை ஆண்டு என்ற கட்டாயம் கூட்டாட்சிச் சட்டத்தில் ஆக்ஸிகோடோனுக்கு இல்லை. முதல்முறை சிக்குபவருக்கு உச்சம் 20 ஆண்டு. ஆனால் அந்த மாத்திரையால் ஒருவர் இறந்துபோனால் 20 ஆண்டுதான் ஆரம்பமே, ஆயுள்வரை போகலாம்.

சரி, வழக்கமான வழக்கில்? நீதிபதிகள் கணக்கில் எடுக்கும் கூட்டாட்சித் தண்டனை வழிகாட்டி எடையைப் பார்க்கிறது. 30 மில்லிகிராம் மாத்திரை 1,000 என்றால் மருந்து வெறும் 30 கிராம். ஆனால் எல்லா போதைப்பொருளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட, ஒவ்வொரு கிராமும் அங்கே 6.7 கிலோவாக எண்ணப்படும். மொத்தம் 201 கிலோ. பழைய குற்றம் இல்லாதவருக்கு இதற்கான தொடக்க வரம்பு 51 முதல் 63 மாதம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறையும், துப்பாக்கி இருந்தால் ஏறும். 2005 முதல் நீதிபதி இந்த வரம்புக்குக் கட்டுப்பட்டவரும் அல்ல.

டாக்டர் மாட்டினால், முறைகேடு என்று தெரிந்தே மருந்து எழுதினார் என அரசு நிரூபிக்க வேண்டும். 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது, எனக்கு நியாயமாகவே படுகிறது.