பழைய இசைத்தட்டில் இருந்த பாட்டு வரிசை, அதே படத்தின் கேசட்டிலும் சிடியிலும் ஏன் மாறிப்போகிறது?

பெரும்பாலும் யாருடைய கவனக்குறைவும் இல்லை. தட்டுக்கு ஒரு கட்டாயம், கேசட்டுக்கு வேறொரு கட்டாயம், சிடிக்கு இரண்டுமே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவர் என் மாமா. அவருடைய ரெக்கார்டுகள் இப்போது என் வீட்டில்தான் இருக்கின்றன. தட்டில் முதலாவதாக வரும் பாட்டு சிடியில் ஐந்தாவதாக நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்பி என்கிற பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். அந்த வேகம் மாறாது. ஆனால் ஊசி உள்ளே போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைகிறது. 12 அங்குலத் தட்டின் விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஊசிக்கு அடியில் ஓடும். லேபிளை நெருங்கும்போது 20 சொச்சம்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பதால் எடுப்பான குரலும் ஜால்ராச் சத்தமும் அங்கே கரகரக்கும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை விளிம்பிலும் அமைதியான பாட்டை உள்ளேயும் வைப்பது பாதுகாப்பு. பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் என்ற அளவும் சேர்ந்துகொள்ளும். வரிசையைப் பாதி இந்தத் தடமே தீர்மானித்துவிடும்.

கேசட்டில் கவலை வேறு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் முடிந்து வெறும் நாடா ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கிலேய இசைக்குழு பீட்டில்ஸின் 1967 ஆல்பமான ‘சார்ஜென்ட் பெப்பர்’கூட வரிசை மாற்றத்துக்குத் தப்பவில்லை, கேசட்டில் அதன் முதல் பக்கத்தைக் கலைத்து அடுக்கினார்கள்.

உண்மையான குளறுபடியும் உண்டு. தட்டுகளைத் தானாக ஒன்றன்மேல் ஒன்றாக விழவைக்கும் பிளேயர்களுக்காக, இரட்டை எல்பிகளில் 1ஆம் பக்கத்துக்குப் பின்னால் 4ஐயும், 2க்குப் பின்னால் 3ஐயும் அச்சடிப்பார்கள். 1, 2 பாடி முடிந்ததும் அடுக்கை அப்படியே புரட்டிப் போட்டால் 3, 4 வரும். கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ (1968) அப்படியும் வந்தது. பின்னால் சில ஆரம்பகாலச் சிடிகளில் பாட்டுகள் 1, 4, 2, 3 என்ற பக்க வரிசையிலேயே ஏறிவிட்டன!

தமிழ்ப் படப் பாட்டுக்கு வந்தால் கதையே வேறு. ‘அசல் வரிசை’ என்று சண்டை போடுகிறவர்களிடம் நான் கேட்பது: எது அசல்? 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. பிறகு வந்த இபி என்கிற 7 அங்குலச் சின்னத் தட்டில் மொத்தம் நான்கு. படத்தில் ஆறு பாட்டு இருந்தால் மிச்சம் இரண்டு இன்னொரு தட்டுக்குப் போகும். எல்பியில் பல சமயம் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம். திரையில் வரும் வரிசை தனி. இத்தனையில் ஒன்றைப் பிடித்து இதுதான் அசல் என்று சொல்வது என்னைப் பொறுத்தவரை வீண் பிடிவாதம். மேல்நாட்டு ஆல்பத்தில் வரிசையும் படைப்பின் ஒரு பங்கு. நம் படத்தட்டில் அது பெரும்பாலும் கம்பெனியின் இட ஒதுக்கீடு. மாமாவும் எந்தத் தட்டையும் வரிசையாகப் போட்டதில்லை. பிள்ளையார் பாட்டு, முருகன் பாட்டு, அப்புறம் எம்ஜிஆர். அவருக்கு வேண்டிய பாட்டு எத்தனையாவது தடம் என்று அட்டையில் பென்சிலால் குறித்துவைத்திருப்பார்.

வரிசை மாறியதை விட எனக்குக் கோபம் வருவது வெட்டித் தள்ளியதைப் பார்க்கும்போதுதான். கதை வசனத் தட்டுகளில் வசனத்துக்கு நடுவே பாட்டு வரும். மறுவெளியீட்டில் பாட்டை மட்டும் உருவி எடுத்துவிட்டால் அந்தத் தட்டு அந்தத் தட்டே இல்லை.

உங்கள் தட்டின் வரிசையை எழுதிவைக்க வேண்டுமானால் அட்டையின் பின்புறத்தை விட லேபிளை நம்புங்கள். லேபிளும் கிழிந்திருந்தால், அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வட்டத்தில் எண் பொறித்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரண்டு பக்கத்து எண்களையும் ஒப்பிட்டால் எது முதல் பக்கம் என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிறகு போனில் அந்த வரிசையிலேயே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற பென்டிரைவை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். காரில் போட்டால் அது பெரும்பாலும் ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் பாடும்.