மொரீசியஸில் ரத்தான விமானம்: விடுதிச் செலவு யார் தலையில்?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து சேன் தெனியில் குடியிருக்கும் குடும்பம் எங்களுடையது. என் தங்கை மகளின் திருமணத்துக்காக நாங்கள் நால்வரும் ரீயூனியனிலிருந்து மொரீசியஸ் வழியாகச் சென்னைக்கு ஒரே டிக்கெட்டில் புறப்பட்டோம். மொரீசியஸில் இறங்கிய பிறகு, அங்கிருந்து சென்னை செல்ல வேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது என்றார்கள். விடுதியை நீங்களே பார்த்துக்கொண்டு ரசீதை அனுப்புங்கள் என்று கவுன்டரில் சொன்னதால், மாஹேபூரில் இரண்டு இரவு தங்கினோம். விடுதி, சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்து 362 யூரோ ஆயிற்று. சென்னையில் வரச் சொல்லியிருந்த வாடகைக் காருக்குக் கொடுத்த 4,000 ரூபாய் முன்பணமும் போயிற்று. முகூர்த்தத்துக்கும் போய்ச் சேர முடியவில்லை. மோசமான வானிலையால் ஏற்பட்ட ரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும், தாங்கள் ஐரோப்பிய நிறுவனம் இல்லை, ரத்தும் மொரீசியஸில் நடந்தது என்பதால் ஐரோப்பிய விதி பொருந்தாது என்றும், நல்லெண்ண அடிப்படையில் ஆளுக்கு 100 யூரோ வவுச்சர் தருவதாகவும் நிறுவனம் எழுதியிருக்கிறது. கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கையெழுத்திட வேண்டாம். அந்தக் கடிதம் இரண்டு தனித்தனி உரிமைகளை ஒன்றாகக் கலந்துவிட்டு, ஒன்றுக்குச் சொல்லும் சாக்கை மற்றொன்றுக்கும் சேர்த்துச் சொல்கிறது. உங்களுக்கு வர வேண்டியவை, வழியில் தவித்த நாட்களுக்கான தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் ஒரு பக்கம், ரத்துக்கான இழப்பீடு மறுபக்கம். வானிலையைக் காரணம் காட்டி நிறுவனம் தப்பிக்க முயலக்கூடியது இரண்டாவதிலிருந்து மட்டுமே.

முதலில் "மொரீசியஸில் நடந்தது" என்ற வாதத்தைப் பார்ப்போம். பிரான்சைச் சேர்ந்த நம் ரீயூனியன் தீவு இந்தியப் பெருங்கடலில் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு பகுதிதான். ஆகவே நம் ரோலான் கரோஸ் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கும், விமானப் பயணிகளின் உரிமைகள் பற்றிய 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய ஒழுங்குமுறை (சுருக்கமாக 261) பொருந்தும். வழியில் விமானம் மாறினாலும் ஒரே முன்பதிவில் வாங்கிய பயணம் முழுவதும் ஒன்றே என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2018 மே 31 அன்று உறுதிசெய்தது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் சென்ற ஒரு பயணியின் வழக்கு அது. சிக்கல் நேர்ந்த இடம் மொரோக்கோ, நிறுவனமும் மொரோக்கோவுடையது. இருந்தும் பயணம் பெர்லினில் தொடங்கியதால் விதி பொருந்தும் என்று தீர்ப்பானது. பெர்லின் இருக்கும் இடத்தில் சேன் தெனியையும், காசாபிளாங்கா இருக்கும் இடத்தில் மொரீசியஸையும் வைத்துப் பாருங்கள், உங்கள் கதையேதான். கடிதத்தில் இந்த வழக்கின் எண்ணைக் குறிப்பிடுங்கள்: சி-537/17.

அடுத்து 362 யூரோ. விமானம் ரத்தானால் மாற்று விமானம் கிளம்பும் வரை சாப்பாடும், தங்கும் இடமும், நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையிலான போக்குவரத்தும் தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது ஒழுங்குமுறையின் 9ஆம் பிரிவு. காரணம் எதுவாக இருந்தாலும் இந்தக் கடமை நீங்காது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தையே மூடிவிட்டபோது, போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் சிக்கிக்கொண்ட ஒரு பெண் பயணி தம் செலவான 1,129 யூரோவைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். எரிமலை வெடித்ததற்கு எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பயணியைக் கவனிக்கும் கடமைக்குக் கால வரம்போ தொகை வரம்போ இல்லை என்றும், நிறுவனம் கவனிக்கத் தவறினால் பயணி தாமே செய்த நியாயமான, தேவையான செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் 2013 ஜனவரி 31 அன்று நீதிமன்றம் கூறியது. எரிமலைக்கே இதுதான் விதி என்றால் மழைக்கும் காற்றுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புயல் பருவத்தில் பயணம் செய்கிற நம் தீவுக்காரர்கள் இதை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

"நியாயமான" என்ற சொல்லைத்தான் நிறுவனம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய விடுதி ரசீதின் படத்தில் அறை வாடகைக்குக் கீழே இரண்டு பீர், ஒரு மசாஜ் என்று வரிகள் தெரிகின்றன. அனுப்புவதற்கு முன் அவற்றை நீங்களே அடித்துவிட்டு, மீதியை மட்டும் கேளுங்கள். பின்னால் புகார் நடுவரிடம் போனால், தாமாகவே கழித்துக்கொண்டு கேட்பவரின் கணக்கை அவர் நம்புவார். டாக்சிக்காரர் துண்டுத் தாளில் மொரீசியஸ் ரூபாயில் எழுதிக் கொடுத்ததில் தேதி இல்லை. எந்த நாள், எங்கிருந்து எங்கே என்று தனியாக ஒரு வரி எழுதி அதோடு இணைத்துவிடுங்கள். இன்னொன்று, உணவகங்களில் தரும் வெப்பத் தாள் ரசீது நம் ஊர் வெயிலில் காரில் கிடந்தால் சில வாரங்களில் வெற்றுத் தாளாகிவிடும். இன்றே எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, தூரம் முதலில் புறப்பட்ட ஊருக்கும் இறுதியாகச் சேரும் ஊருக்கும் இடையே நேர்க்கோட்டில் கணக்கிடப்படும். சேன் தெனியிலிருந்து சென்னை 3,500 கிலோமீட்டரைத் தாண்டுவதால் ஆளுக்கு 600 யூரோ, நால்வருக்கும் 2,400 யூரோ. பிள்ளைகளுக்கும் டிக்கெட் வாங்கியிருப்பதால் அவர்களுக்கும் முழுத் தொகைதான். எல்லா நியாயமான முயற்சிகளையும் எடுத்த பிறகும் தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலையால்தான் ரத்து நேர்ந்தது என்று நிரூபித்தால் மட்டுமே நிறுவனம் இதைத் தராமல் இருக்கலாம். நிரூபிக்க வேண்டியது நீங்கள் அல்ல, அவர்கள். அன்று உங்கள் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் "தொழில்நுட்பக் காரணம்" என்றிருக்கிறது; ஆறு வாரம் கழித்து வந்த கடிதத்தில் அது "வானிலை" ஆகியிருக்கிறது. விமானத்தின் வழக்கமான இயந்திரக் கோளாறு அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று 2008இலேயே தீர்ப்பு உண்டு. அதே மாலையில் வேறு மூன்று விமானங்கள் கிளம்பியதை உங்கள் கணவர் போர்டிங் பாஸின் பின்புறம் நேரத்தோடு குறித்து வைத்திருப்பது அருமையான காரியம். குறுஞ்செய்தியையும் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

வவுச்சர் பற்றி: இழப்பீடு பணமாகத்தான் தரப்பட வேண்டும், பயணி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே வவுச்சராகத் தரலாம். கையெழுத்துக் கேட்பது அதனால்தான்.

சென்னைக் காரின் முன்பணம் 261இல் அடங்காது. அதற்கு, சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் 1999ஆம் ஆண்டின் மொன்றியால் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவைக் காட்டி, தாமதத்தால் வந்த நஷ்டம் என்று தனியாகக் கேளுங்கள். ஆனால் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்: இதில் தங்களால் இயன்ற நடவடிக்கையெல்லாம் எடுத்தோம் என்று காட்டினால் நிறுவனம் விடுபடலாம், ஏற்கெனவே கிடைத்த 600 யூரோவை இதில் கழித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. முகூர்த்தம் தவறிய வருத்தத்துக்கு எந்தச் சட்டத்திலும் விலை போட்டிருக்கவில்லை.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 60 நாட்களில் சரியான பதில் வராவிட்டால், பிரான்சின் சுற்றுலா மற்றும் பயணத் துறை நடுவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனம் அந்த அமைப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம். 261இன் கீழ் வழக்குத் தொடுக்கப் பிரான்சில் 5 ஆண்டு அவகாசம் உண்டு, மொன்றியாலுக்கு 2 ஆண்டுதான். இரண்டையும் சேர்த்துக் கேட்பவர் சிறிய கெடுவையே கெடுவாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: மொரீசியஸ் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு வேறு நிறுவனத்தின் டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் 150 யூரோ மிச்சமாகிறது. அப்படி வாங்கலாமா?

பதில்: மிச்சம் உண்மைதான், ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் நேரத்தில் வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டை உங்கள் பணத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரே முன்பதிவு எண்ணின் கீழ் முழுப் பயணமும் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தொடர்பில்லாத இரண்டு நிறுவனங்களின் விமானங்களைப் பயண முகவர் ஒருவர் இணைத்து, ஒரே விலை போட்டு, ஒரே டிக்கெட்டாக விற்றிருந்தால் அதுவும் இணைப்புப் பயணமே என்று 2022 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. ஆகவே சேன் ஆந்த்ரேயிலோ சேன் பியேரிலோ முகவரிடம் வாங்குகிறவர்கள் மொத்த விலையோடு ஒரே ரசீது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து திரும்பும்போது இதே சிக்கல் வந்தால்?

பதில்: போக வர ஒரே டிக்கெட் எடுத்திருந்தாலும் திரும்பும் பயணம் தனிப் பயணமாகவே கருதப்படும் என்பது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே தொடங்கும் பயணத்துக்கு, விமானத்தை இயக்குவது ஐரோப்பிய உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால் மட்டுமே 261 பொருந்தும். மற்ற நிறுவனமாக இருந்தால் மொன்றியால் உடன்படிக்கைதான் துணை: நிலையான இழப்பீடு கிடையாது, ரசீது உள்ள நஷ்டத்தை மட்டும் கேட்கலாம். அதன் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 6,303 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 7,000 யூரோவுக்கு மேல். டிக்கெட்டில் விற்றவர் பெயர் ஒன்றாகவும் இயக்குபவர் பெயர் வேறாகவும் இருக்கலாம். "இயக்குபவர்" என்று சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.