பஸரா, சார்ஜரா?

மதிப்பிற்குரிய ஐயா,
பிற்பகல் 3 மணிக்குச் சிற்றலையில் 4625 கிலோஹெர்ட்ஸில் 'ர்ர்ர்' என்று இடைவிடாத ஒலி கேட்டது. ரஷ்யாவின் 'பஸர்' நிலையம்தானே அது? இந்த எண் நிலையங்கள் யாருக்காகப் பேசுகின்றன? கணினியால் அந்தச் சங்கேதத்தை உடைக்க முடியாதா?
குமரன், தோ பாயோ

அன்புள்ள குமரன்,

எண்களை வாசித்து ஒற்றர்களுக்குச் சங்கேதச் செய்தி அனுப்பும் சிற்றலை வானொலிதான் எண் நிலையம். அதைச் சொன்னதும் எல்லாரும் ஒற்றர்களைத் தேடிப் போகிறார்கள். வீட்டுச் சுவரை யாரும் பார்ப்பதில்லை. சில நாளாகவே இதை எழுத நினைத்திருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

பிற்பகல் 3 மணிக்கா? வெயில் நேரத்தில் வானத்தில் மின்னேற்றம் பெறும் 'டி' அடுக்கு இந்த அலைவரிசையை விழுங்கிவிடும். ரஷ்யாவிலிருந்து கிளம்பியது சிங்கப்பூர் வந்து சேராது. நள்ளிரவுக்குப் பிறகு தேடுங்கள். அசல் பஸர் விட்டுவிட்டு ஒலிக்கும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 முறை. நீங்கள் கேட்டது பெரும்பாலும் உங்கள் வீட்டுச் சார்ஜர். கோபித்துக்கொள்ளாதீர்கள், சோதித்துப் பாருங்கள்.

வானொலியை பேட்டரியில் போடுங்கள். 4600க்கும் 4650க்கும் திருப்புங்கள். அங்கும் அதே இரைச்சல் என்றால் அது நிலையமே இல்லை. அடுத்து, அம்மாவிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். சத்தம் நின்றால் திருடன் வீட்டுக்குள்தான். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகுங்கள்: போன் சார்ஜர், ரவுட்டர், பிறகு எல்இடி விளக்குகள். இவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகின்றன. அதன் சிதறல் சுவருக்குள் ஓடும் கம்பிகளில் ஏறி வீடு முழுக்கப் பரவுகிறது.

மருந்து, 31ஆம் எண் கலவை ஃபெரைட் வளையம்; இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் அது. சார்ஜர் வயரை அதில் எட்டுச் சுற்று, சார்ஜருக்கு ஒட்டியே சுற்றுங்கள். வயரை வளையத்துக்குள் ஒருமுறை நுழைத்துவிட்டு "பயனில்லை" என்று எழுதாதீர்கள். சுற்று இரட்டித்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்கு.

மெயினை அணைத்தும் நிற்கவில்லையா? பக்கத்து வீடு, அல்லது மின்தூக்கி. வீவக அடுக்குமாடி வீட்டில் அதை நீங்களாக நிறுத்த முடியாது. நிலையத்தின் ஒலியை வலுவாக்கிப் பார்க்கலாம். ஆறு மீட்டர் மெல்லிய வயரைச் சன்னலோரம், இரும்புக் கம்பியில் படாமல் கட்டி, வானொலியின் ஏரியலில் கவ்விவிடுங்கள்.

சங்கேதமா? ஒருமுறை மட்டும் பயன்படும் சாவித் தாளில் எழுதியது உடையாது. அந்தத் தாளில் இருப்பவை தாறுமாறான எண்கள்; அனுப்புபவர் அவற்றைச் செய்தியோடு கூட்டுவார், பெறுபவர் கழிப்பார். 22825 என்று கேட்கிறது. அதிலிருந்து சாவியை இலக்கம் இலக்கமாக, தேவைப்பட்டால் பத்தைக் கூட்டிக்கொண்டு கழியுங்கள். 85634 சாவியானால் 47291 வரும், 96775 ஆனால் 36150. இரண்டில் எது செய்தி? கணினிக்கு எப்படித் தெரியும்? 1940களில் வேலை பார்த்த சோவியத் ஒற்றர்கள் பலர் மாட்டியது, ஒரே சாவித் தாள் இருமுறை பயன்பட்டதால்தான்.

இடிமழை வருமுன்பே சன்னலோர வயரைக் கழற்றிவிடுங்கள்; இடி முழங்கும்போது அதைத் தொடாதீர்கள்.