கரண்ட் ஊசி ஏமாற்றா?

அண்ணாச்சி, முக்கூடலில் பீடி சுற்றும் அம்மாவுக்கு மூட்டுவாதத்தால் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, கரண்ட் வைக்கும் அக்குபஞ்சர் ஏமாற்றா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஊசி வழியே மருந்து ஏறுவதில்லை. உடம்பே மார்ஃபின் போன்ற தன் வலிமருந்தைச் சுரக்கிறது. கரண்ட் நொடிக்கு 2 துடிப்பு என்றால் எண்டார்ஃபின், என்கெஃபலின் என்ற வலிமருந்துகள். 100 என்றால் டைனார்ஃபின் என்ற இன்னொன்று. சீன விஞ்ஞானி ஹான் ஜிஷெங் ஆய்ந்து சொன்னது. மார்ஃபினை முறிக்கும் நலோக்சோனைக் கொடுத்தால் ஊசியின் பலனும் குறைந்துவிடுகிறது. நான் நம்பியது அதைப் படித்த பிறகுதான். எனக்கு முழங்காலில் வைத்தபோது கட்டெறும்பு ஊர்வது போலச் சதை துள்ளியது, அவ்வளவுதான்.

ஆனால் மூட்டு எலும்பு அரித்துப்போவதை இது நிறுத்தும் என்று நம்பி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் வேண்டவே வேண்டாம். அப்புறம், ஊசி உறையைக் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.