சாம்பியன் அணிக்கு மோதிரம்தான் கொடுக்க வேண்டுமா, வேறு பரிசு கொடுக்கலாமா?

மோதிரமே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கட்சி. எதைக் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. யாருக்கெல்லாம் கொடுக்கிறார்கள், வாங்கியவருக்கு அதன்மேல் என்ன உரிமை இருக்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டையே.

மோதிரப் பழக்கம் பெரும்பாலும் வட அமெரிக்காவுக்கு உரியது. பேஸ்பாலில் 1922இல் வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடர்) வென்ற நியூயார்க் ஜயண்ட்ஸ் வீரர்கள் மோதிரம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு யாங்கீஸ் ஜெயித்தபோது கொடுத்தது பாக்கெட் கடிகாரம். வருஷா வருஷம் மோதிரம் என்று நிலைத்தது 1930களில்தான். ஆக, ‘வேறு பரிசு’ ஒன்றும் புதிய யோசனை இல்லை. யாங்கீஸ் அணியில் ஃபிராங்க் குரோசெட்டி என்று ஒருவர் இருந்தார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்த்து 17 வேர்ல்ட் சீரிஸ் வெற்றிகளில் பங்கு பெற்றவர். மோதிரம் சேர்ந்துகொண்டே போனதால், ஒரு கட்டத்துக்கு மேல் அவருக்குப் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். அளவுக்கு மீறி ஜெயித்தால் இப்படியும் ஒரு சங்கடம்!

இன்றைய மோதிரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. 2021 பிப்ரவரியில் டாம்பா பே பக்கனியர்ஸ் அணி அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை 31-9 என்று வென்றது. அந்தக் கணக்குக்காக 319 வைரம் பதித்தார்கள். மோதிரத்தின் மேல்பகுதியைத் திருகிக் கழற்றினால் உள்ளே அவர்களுடைய சொந்த மைதானத்தின் குட்டி வடிவம். இதைப் போட்டுக்கொண்டு பேனா பிடிக்க முடியுமா என்று தெரியவில்லை. பெட்டிக்குள் வைத்துப் பூட்டத்தான் லாயக்கு.

சரி, இத்தனை வைரம் இருப்பதால்தான் மதிப்பா? யாங்கீஸ் அணியின் யோகி பெராவின் கதையைக் கேளுங்கள். ஆட்டக்காரராகப் பத்து முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றவர் அவர். 2014இல் நியூஜெர்சியில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் புகுந்து அவருடைய மோதிரங்களைத் திருடிவிட்டார்கள். அப்படியே வெளியே விற்றால் மாட்டிக்கொள்வோம் என்பது திருடர்களுக்குத் தெரியும். அதனால் உருக்கிவிட்டார்கள். ஏலத்துக்குப் போயிருந்தால் லட்சக்கணக்கில் போயிருக்கும் பொருள், உருகிய பிறகு வெறும் பழைய தங்கத்தின் விலைக்குப் போனது. மோதிரத்தின் மதிப்பெல்லாம் அதை யார் விரலில் போட்டார்கள் என்பதில்தான் இருந்தது. அதனால் வைரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தில் இன்னும் நூறு பேருக்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது என்பதில் கால்பந்தின் சரித்திரம் கொஞ்சம் அசிங்கமானது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். அவர் இடத்துக்கு வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்தார். பதக்கம் அன்று களத்தில் இருந்த 11 பேருக்கு மட்டும். வெளியே இருந்தவர்களுக்கும் உண்டு என்று ஃபிஃபா பின்னாளில் முடிவெடுத்து, கிரீவ்ஸின் கைக்கு அது வந்து சேர்ந்தது 2009இல். நாற்பத்து மூன்று வருஷம்! ஒலிம்பிக்கில் இன்றைக்கும் பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது.

இந்த விஷயத்தில் மோதிரக்காரர்கள் எவ்வளவோ தேவலை. 108 ஆண்டு காத்திருந்து 2016இல் ஜெயித்த பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸ், வீரர்களோடு நிற்காமல் அலுவலக ஊழியர்கள் வரைக்கும் மோதிரமோ சட்டையில் குத்தும் பின்னோ கொடுத்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு ரசிகருக்கும் மோதிரம் கொடுத்ததுதான். 2003இல் கப்ஸ் ஆட்டத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து பந்தைப் பிடிக்கக் கை நீட்டியதற்காக, தோல்விப் பழி முழுவதையும் ஊரே அவர் தலையில் கட்டியிருந்தது. பாவம், பல வருஷம் வெளியே தலைகாட்டாமல் இருந்தார். பணமாகக் கொடுத்திருந்தால் அது நஷ்ட ஈடு மாதிரி இருந்திருக்கும். மோதிரம் என்பதால் ‘நீயும் எங்கள் ஆள்’ என்று அர்த்தமானது.

பணமே கொடுக்கலாமே என்பவர்களுக்கு: அதுவும் ஏற்கெனவே இருக்கிறது. பேஸ்பாலில் சீசன் முடிந்த பிறகு நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் டிக்கெட் வசூலில் ஒரு பங்கு வீரர்களுக்குப் போகிறது. 2016இல் கப்ஸ் அணியில் முழுப் பங்கு ஒன்றுக்குச் சுமார் 3.69 லட்சம் டாலர் வந்தது. யாருக்கு முழுப் பங்கு, யாருக்கு அரைப் பங்கு என்று வீரர்களே கூடி ஓட்டுப் போடுகிறார்கள். உடை மாற்றும் அறையில் துணி துவைத்து, ஷூ துடைத்துக் கொடுக்கும் ஆட்களுக்கும் அப்படி ஓட்டுப் போட்டுப் பங்கு கொடுப்பதுண்டு. கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரத்துக்கு இந்தத் தொகை பெரிதாகத் தெரியாது. துணி துவைப்பவருக்கு அது ஒரு வீடு. ரொக்கப் பரிசு வேண்டும் என்றால் அந்தப் பக்கமாகத்தான் தள்ள வேண்டும்.

மோதிரத்தைவிட நல்ல பரிசு எது என்று கேட்டால், ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையைச் சொல்வேன். ஜெயித்தவர்களின் பெயரைக் கோப்பையிலேயே பொறிக்கிறார்கள். அப்புறம் கோடை விடுமுறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கோப்பை சொந்தம். பொறுப்பாளர் ஒருவர் கூடவே வருவார், அவ்வளவுதான். அதில் ஷாம்பெயின் ஊற்றிக் குடித்தவர்கள் உண்டு, குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுத்தவர்களும் உண்டு.

கல்லூரி விளையாட்டில் மட்டும் எனக்கு மோதிரத்தின்மேல் கோபம் உண்டு. அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றிருந்த காலத்தில் கையில் கிடைத்தது இதுமாதிரி நினைவுப் பொருள்தான். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கால்பந்தில் போட்டிப் பல்கலைக்கழகமான மிச்சிகனை ஜெயித்தால் ஆளுக்கொரு குட்டித் தங்கக் கால்சட்டை கொடுப்பார்கள், நிஜமாகவே. அதையும் சாம்பியன் மோதிரத்தையும் பணத்துக்கும் பச்சை குத்திக்கொள்ளவும் கொடுத்துவிட்டார்கள் என்று 2010 டிசம்பரில் ஐந்து வீரர்களுக்கு அடுத்த சீசனில் ஐந்து ஆட்டத் தடை விதித்தார்கள். இதில் வேடிக்கை, சில நாளில் வரவிருந்த சுகர் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் மட்டும் அவர்கள் ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள். டிக்கெட்டும் டிவியும் வசூல் பண்ணும் ஆட்டமாயிற்றே! அதே டிசம்பரில்தான் கூடைப்பந்து வீரர் ரான் ஆர்டெஸ்ட், லேக்கர்ஸ் அணியில் ஜெயித்து வாங்கிய தன் மோதிரத்தைக் குலுக்கலில் விட்டு, மனநல உதவிக்காக ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். ஊரே பாராட்டியது. அவர் செய்தது நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஜெயித்து வாங்கிய பொருளை அவர் தன் இஷ்டப்படி கொடுக்கலாம் என்றால், அந்த ஐந்து பையன்களும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம்.