ஹீலாவின் பி53 கெடவில்லை

அன்புள்ள சார்,

பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் புற்றுநோய்ப் பாடம். 'பி53 என்ற காவல் மரபணு கெட்டுப்போனால் செல் கட்டுப்பாட்டை இழக்கும்' என்று சொல்லி முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஆய்வகங்களில் வளர்க்கிற ஹீலா புற்றுநோய்ச் செல்லில் பி53 மரபணு நன்றாகத்தானே இருக்கிறது மிஸ், அப்புறம் அது எப்படிப் புற்றுநோய் ஆச்சு?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். நீங்கள் ஹீலா செல்களோடு வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன். ஹீலாவின் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் நம் மரபணுவைக் கெடுக்கிறதா, இல்லையா?

த.

அன்புள்ள த.,

உங்கள் மாணவி சரியாகத்தான் படித்திருக்கிறாள். ஹீலாவின் பி53 மரபணுவை எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் பழுது தெரியாது. ஆனால் அதே செல்லில் பி53 புரதத்தைத் தேடினால் அகப்படுவது சொற்பம். அச்சகம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அச்சான தாள் வெளியே வந்த கையோடு கிழிபடுகிறது.

கிழிக்க வைப்பது ஹெச்.பி.வி.யின் ஈ6 என்ற புரதம். வேண்டாத புரதங்களின் மேல் யுபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டி அழிவுக்கு அனுப்பும் ஏற்பாடு நம் செல்லிலேயே உண்டு. அதிலிருந்து ஒரு நொதியை ஈ6 கையோடு கூட்டிக்கொண்டு போய், பி53 மேல் சீட்டை ஒட்ட வைக்கிறது. ஆர்.பி. என்ற இன்னொரு காவல் புரதத்தை வைரஸின் ஈ7 என்ற புரதம் பார்த்துக்கொள்கிறது. வைரஸுக்கு நம் மேல் விரோதம் ஒன்றுமில்லை. மொத்தமே 8 ஆயிரம் எழுத்து கொண்ட டி.என்.ஏ. வளையம் அது. தன்னைப் படியெடுக்கத் தேவையான சாமான்களில் பெரும்பாலானவற்றைச் செல்லிடம்தான் இரவல் வாங்க வேண்டும். இரண்டாகப் பிரியத் தயாராக இருக்கும் செல்லில்தான் அவை கிடைக்கும். ஓய்வுக்குப் போகவிருக்கும் செல்லை அதனால்தான் தூங்கவிடுவதில்லை.

பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று ஓரிரு வருடத்தில் தானே அடங்கிவிடும். சிலரிடம் அது வருடக்கணக்கில் தங்குகிறது. அப்படித் தங்கும் இடத்தில் எப்போதாவது வளையம் அறுந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்கிறது. வைரஸுக்கே இது விபத்துதான், அங்கிருந்து அது புது வைரஸாக வெளியேற வழியில்லை. அறுபடும்போது பல நேரம் ஈ2 என்ற மரபணு சிதைகிறது. ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கி வைத்திருந்தது அதுதான். கடிவாளம் போச்சு.

ஹீலாவில் இது எங்கே நடந்தது என்று முகவரியே சொல்லலாம். 1951-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இவை. அந்த வருடமே, 31 வயதில், அவர் இறந்துவிட்டார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 2013-ல் ஹீலாவின் மரபணுத்தொகுதியை முதலில் வெளியிட்டவர்களும் குடும்பத்தைக் கேட்கவில்லை, பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள். சரி, முகவரிக்கு வருகிறேன். எட்டாவது குரோமோசோமில் ஹெச்.பி.வி. 18 என்ற வகை குந்தியிருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 5 லட்சம் எழுத்து தள்ளி மிக் என்ற மரபணு, செல்லைப் பிரியச் சொல்லித் தூண்டுவது. அவ்வளவு தூரத்தில் இருப்பதை வைரஸ் எப்படித் தொடும்? நூல்கண்டில் இரண்டு முழம் தள்ளியிருக்கும் இழைகள் ஒட்டிக் கிடப்பதில்லையா, அப்படித்தான். வைரஸ் செருகிய குரோமோசோம் பிரதியில் இருக்கும் மிக் மட்டும் மும்முரமாக வேலை செய்வதை 2013 ஆய்வுகளில் ஒன்று காட்டியது.

பி53-ஐக் கெடுக்காமலே வீழ்த்தியது சரி. மற்ற மரபணுக்கள் தப்பித்தனவா என்றால், இல்லை. நான் முதன்முதலில் ஹீலாவின் குரோமோசோம்களை எண்ண உட்கார்ந்தபோது ஒரு செல்லில் 78 வந்தது, பக்கத்துச் செல்லில் 76. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி ஆரம்பித்தேன். தப்பில்லை. மனிதச் செல்லுக்கு 46 என்று பாடத்தில் படித்தது இங்கே செல்லாது. காவல் இல்லாத செல்லில் பிரிவு ஒவ்வொன்றும் கோணலாகப் போகும், யாரும் நிறுத்த மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2017-ல் 228 கருப்பைவாய்க் கட்டிகளை அலசிய அமெரிக்க ஆய்வில், ஹெச்.பி.வி. 18 இருந்த கட்டிகள் அத்தனையிலும் வைரஸ் குரோமோசோமில் செருகியிருந்தது. ஹெச்.பி.வி. 16 என்ற வகை இருந்தவற்றில் 76 சதவீதத்தில். பல கட்டிகளின் டி.என்.ஏ.வில் அபோபெக் என்ற நொதிகளின் கைத்தடம் கிடந்தது. அவை வைரஸ் டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றிச் சிதைக்க நம் செல்லே வைத்திருக்கும் ஆயுதம். திருடன் மேல் வீசிய அரிவாள் வீட்டுத் தூணிலும் இறங்கியிருக்கிறது.

ஆக, வைரஸ் முதலில் மரபணுவைக் கெடுக்காமல் காவலை எடுக்கிறது, கெடுதல் அப்புறம் சேர்கிறது. புகையிலையால் வரும் தொண்டைப் புற்றுநோயில் பி53 மரபணுவே பெரும்பாலும் சிதைந்திருக்கும். அதே தொண்டையில் ஹெச்.பி.வி.யால் வந்த கட்டியில் அது பெரும்பாலும் முழுசாக இருக்கும். பாடத்தில் 'மரபணு கெட்டால்' என்பதை 'காவல் போனால்' என்று மாற்றிச் சொல்லுங்கள், இரண்டுக்கும் பொருந்தும்.

அந்த மாணவிக்கு இதையும் சொல்லுங்கள். 2000-வாக்கில் ஒரு சோதனை செய்தார்கள். ஹெச்.பி.வி.க்கு உறவான, மாட்டுக்கு வரும் பாப்பிலோமா வைரஸின் ஈ2-ஐ ஹீலாவுக்குள் விட்டார்கள். ஈ6, ஈ7 அடங்கின. அரை நூற்றாண்டாகக் கிழிபட்டுக்கொண்டே இருந்த பி53 சேர ஆரம்பித்தது. சில நாட்களில் ஹீலா செல்கள் பிரிவதை நிறுத்திக்கொண்டு, தட்டையாகப் பரந்து, கிழடு தட்டிப்போயின.